நகர்ந்த பள்ளம்

அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் வளைவக்காதான். காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் கம்ப்யூட்டர் திரையில் வளைகோடு வளைகோடாகப் போட்டுக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

இருபத்திரண்டு வயதில் அவள் அங்கே சேர்ந்தது வளைகோடு போட அல்ல. ஆய்வுக்கூடத்தில் கையால் குறித்து வைக்கும் அளவுகளை அட்டவணையாகத் தட்டச்சு செய்யத்தான். மாலைக் கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டே வேலைக்கு வந்தவள். ஒருநாள் தட்டச்சு செய்த தாளைத் தூக்கிக்கொண்டு போய், "சார், இந்த வரிசையில ஏழாவது எண் இங்க உக்காராது. எங்கேயோ வயர் லூஸா இருக்கும், பாருங்க" என்றாள். பொறியாளர் சிரித்தார். போய்ப் பார்த்தார். வயர் லூஸாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே அவளுடைய மேசை ஆய்வுக்கூடத்தின் பக்கத்து அறைக்கு வந்துவிட்டது. இருபத்து நாலு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது.

கம்பெனி செய்தது வானொலி நிலையங்களுக்கான பெருக்கிகள். ஆம்ப்ளிஃபயர் என்றால் எல்லோருக்கும் தெரியும்: சன்னமாக வரும் குரலை வாங்கி, ஊருக்கே எட்டும்படி பெரிதாக்கி அனுப்பும் பெட்டி. ஒழுங்கான பெட்டி என்றால் ரெண்டு கொடுத்தால் இருபது தரவேண்டும், நாலு கொடுத்தால் நாற்பது தரவேண்டும். ஆனால் அவ்வளவு ஒழுங்கான பெட்டியை இதுவரை யாரும் செய்ததில்லை. நாலு கொடுத்தால் மூச்சு முட்டி முப்பத்தெட்டில் நின்றுவிடும். நேர்கோடாகப் போகவேண்டியது மேலே போகப்போக வளைந்துகொள்ளும்.

வளைந்தால் வளைந்துவிட்டுப் போகிறது என்று விடமுடியாது. இரண்டு பேரின் பேச்சை ஒரே நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் அனுப்பினால், வளைவின் புண்ணியத்தில் மூன்றாவதாக ஒன்று பிறக்கும். யாருமே பேசாத ஓர் அலைவரிசையில் கரகரவென்று ஓர் இரைச்சல். ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பேய் என்று பேர். அந்தப் பேய் எங்கே போய் விழும், எவ்வளவு பெரிதாக விழும் என்பதைப் பெட்டியைச் செய்வதற்கு முன்னாலேயே சூத்திரம் எழுதிச் சொல்வதுதான் வளைவக்காவின் வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நகரத்து ஆம்புலன்ஸ் சேவைக்குப் புது நிலையம் செய்யும் வேலை வந்தது. எட்டு மாடி ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் ஒரு கோபுரம், அதன் காலடியில் ஓர் இரும்பு அலமாரி, அலமாரிக்குள் பெருக்கி. மூன்று தடங்கள், அதாவது சேனல்கள். ஒன்றாம் தடத்தில் கட்டுப்பாட்டு அறை வண்டிகளோடு பேசும். இரண்டாம் தடத்தில் வண்டிக்காரர்கள் சொல்வதை நிலையம் வாங்கி எல்லோருக்கும் திருப்பி ஒலிபரப்பும். மூன்றாம் தடம் காது மட்டும்தான். புறநகரில் தூரத்தில் இருக்கும் வண்டி, சன்னமான குரலில் கூப்பிட்டால் கேட்பதற்கு.

சிக்கல் என்னவென்றால், ஒன்றுக்கு மேலே இரண்டு எவ்வளவு தள்ளி இருந்ததோ, சரியாக அவ்வளவே ஒன்றுக்குக் கீழே தள்ளி இருந்தது மூன்று. பேய் வந்து விழுகிற இடமும் அதேதான். வேறு தடம் கேட்டால் அனுமதி கிடைக்க ஒரு வருஷமாகும் என்றார்கள்.

வளைவக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுடைய சூத்திரத்தில் பேயை உண்டாக்குவதில் மூன்றாம் படிக்கு, அதாவது ஒரே எண்ணை மூன்று தரம் பெருக்கி வருவதற்கு, ஒரு பங்கு, ஐந்தாம் படிக்கு ஒரு பங்கு. இரண்டுக்கும் எதிரெதிர்க் குறி. ஒரு குறிப்பிட்ட திறனில் பெட்டியை ஓட்டினால், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேய் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். படமாகப் போட்டால் உயரமான மேட்டுக்கு நடுவில் சட்டென்று ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் அடியில் பெட்டியை உட்கார வைத்தாள். அளந்து பார்த்தார்கள். சூத்திரம் சொன்ன இடத்திலேயே பள்ளம் இருந்தது. கம்பெனியே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 'எல்லா நிலைகளிலும் மூன்றாம் தடம் பாதிக்கப்படாது' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

நிலையம் ஏறியது. நாற்பது வண்டிகளில் ஐந்தை மட்டும் முதலில் வெள்ளோட்டமாக அதில் இணைத்தார்கள். மூன்று வாரம் ஓடிய பிறகு, வரும் திங்கள் காலை எட்டு மணிக்கு நாற்பதையும் மாற்றுவது, பழைய நிலையத்தை அன்றைக்கே கழற்றுவது என்று முடிவாயிற்று.

அந்த ஐந்து வண்டிகளில் ஒன்றை ஓட்டியவன் அவளுடைய தம்பி. நல்ல டிரைவர், நல்ல மனசு, ஆனால் வாய். ஒரு வரியில் சொல்லவேண்டிய விஷயத்தை அவன் அதற்கு முந்தின நாளிலிருந்து ஆரம்பிப்பான். வியாழக்கிழமை மதியம் கம்பெனிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் அக்காவோடு சாப்பிட வந்தான்.

"அக்கா, உன் பெட்டி பிரமாதம். முன்னெல்லாம் கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கும். இப்ப பக்கத்து சீட்ல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. என்ன, மத்தியானத்துல கொஞ்ச நேரம் தூங்கிடுது. அவ்வளவுதான்."

அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "தூங்கிடுதுன்னா?"

"மூணாம் சேனல் இருக்குல்ல, அதுல வெளியூர்ப் பக்கம் போனவன் கூப்பிட்டா கண்ட்ரோல் ரூமுக்குக் கேக்கறதில்ல. பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். அப்புறம் அதுவா சரியாயிடும். நாங்க மத்தியானத் தூக்கம்னு பேரே வெச்சிட்டோம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லாம? புது மெஷின், பழகிடும்னாங்க." தம்பி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "திங்கக்கிழமைதான் கொஞ்சம் வம்பாயிடுச்சு. ஒருத்தருக்குப் பக்கவாதம். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுன்னு நம்ம ஆள் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கான், பதிலே இல்ல. அவனா ஒரு இடத்துக்குப் போயிட்டான். அங்க ஸ்கேன் மெஷின் ரிப்பேர். திரும்பி வேற இடம். இருபத்தஞ்சு நிமிஷம் போச்சு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"உயிர் இருக்கு. வலது கைதான் வரலையாம்."

வளைவக்கா சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தாள். "அந்த நேரத்துல ஒண்ணுலயும் ரெண்டுலயும் சேர்ந்து பேச்சு ஓடிட்டிருந்ததா?"

"ஷிஃப்ட் மாத்தற நேரம்க்கா. எல்லாரும் பேசிக்கிட்டுதான் இருப்போம். ரெண்டுல நானே பேசிட்டிருந்தேன்."

அவள் பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். "எங்கக்கா போற?" என்ற குரல் பின்னாலேயே வந்தது. தெருவைக் கடக்கும்போது தார் செருப்பில் ஒட்டியது. அவ்வளவு வெயில்.

மேசைக்கு வந்ததும் பதினாலு மாதத்துக்கு முந்தைய அளவுக் கோப்பைத் திறந்தாள். மொத்தம் எண்பத்தேழு அளவுகள். எண்பத்தாறு, கோட்டின்மேல் மணி கோத்தது போல உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் கோட்டை விட்டு வெகு உயரத்தில் தனியாக நின்றது. அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில், 'அளவீட்டுப் பிழை, ஏ.சி. நின்றிருந்தது.' கீழே அவளுடைய சுருக்கொப்பம்.

கோப்பை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போனாள். அங்கே இருந்த டெக்னீஷியனை எல்லோரும் ஃப்யூஸ் என்றுதான் சொல்வார்கள். எந்த நேரத்தில் எகிறுவான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் கை வைத்த அளவில் தப்பு இருந்ததில்லை.

"எண்பத்தேழாவது அளவு ஞாபகம் இருக்காப்பா?"

ஃப்யூஸ் நிமிர்ந்து பார்த்தான். "நல்லா ஞாபகம் இருக்கு. நான் அன்னிக்கே சொன்னேன், மெஷின் சரியாத்தான் இருக்கு, நான் தப்பா அளக்கலைன்னு. ஏ.சி.தான் காரணம்னு நீங்க அடிச்சீங்க. ஒரு வாரம் உங்களோட நான் பேசலை. அதையாவது கவனிச்சீங்களா?"

"இல்லப்பா" என்றவள் தம்பி சொன்னதைச் சொன்னாள். "உன்கிட்ட இன்னொரு பெட்டி இருக்கில்ல? மேசைக்குக் கொண்டா."

இரண்டு தடங்களுக்கும் பதிலாக இரண்டு சமிக்ஞைகளைப் பெட்டிக்குள் கொடுத்தார்கள். பேய் விழும் இடத்தைத் திரையில் பெரிதாக்கினார்கள். பழைய சோதனையில் இருபது இருபது விநாடியாகத்தான் ஓட்டியிருந்தார்கள். இப்போது ஒரு நிமிஷம் ஓட்டினார்கள். ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷம் ஓட்டினார்கள். திரையின் அடியில் ஒரு துளி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது.

"ஒண்ணும் இல்லக்கா" என்றான் ஃப்யூஸ். "உங்க தம்பி வழக்கம்போலக் கதை விடறாரு."

அவள் கையைத் தேய்த்துக்கொண்டாள். முழங்கை வரை சில்லிட்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஆய்வுக்கூடத்துச் சுவரில் பதினெட்டு டிகிரி என்று எழுதியிருந்தது. அந்தப் பெட்டி இருப்பதோ மொட்டை மாடியில், உச்சி வெயிலில், இரும்பு அலமாரிக்குள்.

"சூடாக்கணும்."

"ஈயம் உருக்கற ஹீட்டர்தான் இருக்கு. காட்டினா பெட்டி கூழாயிடும்."

அவளுடைய கணவர் இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருந்தார். போன் போட்ட பத்தாவது நிமிஷம், இடுப்பில் கட்டிய துணியில் வெட்டிய முடியோடு, கையில் ஹேர் டிரையரோடு வந்து நின்றார். "பாதித் தலையோட ஒருத்தரை உக்கார வெச்சிட்டு வந்திருக்கேன். யாருக்கு முடி காயணும்?" என்று சிரித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு டிரையரை நீட்டினார்.

பெட்டியை அட்டைப் பெட்டியால் மூடி, ஓர் ஓட்டை வழியாக வெந்நீர்ச் சூட்டில் காற்றை விட்டார்கள். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. ஃப்யூஸ் டிகிரியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தான். நாற்பத்தாறில் திரையின் அடியிலிருந்து பேய் மெல்ல எழுந்தது. நாற்பத்தொன்பதில் பத்து மடங்கு. ஐம்பத்திரண்டில், இரண்டு சமிக்ஞைகளையும் நாற்பது விநாடிக்கு மேல் ஓடவிட்டபோது, பெட்டியின் சொந்தச் சூடும் சேர்ந்துகொண்டு ஒரேயடியாகக் கிளம்பியது. முந்நூறு மடங்கு.

ஃப்யூஸ் டிகிரி சொல்வதை நிறுத்திவிட்டான்.

பெட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது. பள்ளம்தான் நகர்ந்துவிட்டது. சூடேறச் சூடேற மூன்றாம் படியின் பங்கும் ஐந்தாம் படியின் பங்கும் வேறு வேறு அளவில் மாறி, ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடம் தள்ளிப் போய்விட்டது. பள்ளத்தின் அடியில் உட்கார்ந்திருந்த பெட்டி இப்போது மேட்டின் உச்சியில் நின்றது. அவளுடைய சூத்திரத்தில் திறன் இருந்தது, அலைவரிசை இருந்தது. வெயில் இல்லை. எட்டிப் பார்த்த வெயிலையும் அவள் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டிருந்தாள்.

"எண்பத்தேழாவது" என்றாள் மெதுவாக.

"ம்" என்றான் ஃப்யூஸ். அவன் எகிறாதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்குள் கையில் கிடைத்த அளவுகளை வைத்துச் சூத்திரத்தில் வெப்பத்தையும் ஒரு மாறியாகச் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். வெளியே முப்பத்து மூன்று டிகிரி தாண்டி, ஒன்றும் இரண்டும் சேர்ந்து நாற்பது விநாடிக்கு மேல் பேசினால் மூன்றாம் தடம் செவிடு. ஐந்து வண்டிகளில் இது மத்தியானத் தூக்கம். நாற்பது வண்டியும் பேச ஆரம்பித்தால் பகல் முழுக்கத் தூக்கம்தான்.

வெள்ளிக்கிழமை காலை புதுக் கணக்கைக் கொண்டுபோய் மேலாளரின் மேசையில் வைத்தாள். மேலாளர் கெட்ட மனிதர் அல்ல. முழுக்கப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"ஒரே ஒரு பெட்டி. ஒரு ஹேர் டிரையர். இதைக் காட்டி நான் எப்படிம்மா எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு சொல்றது? முறைப்படி ரெண்டு வாரம் சோதிங்க. அப்புறம் எழுதலாம்."

"திங்கக்கிழமை பழைய நிலையத்தைக் கழட்டறாங்க சார். அந்த ரெண்டு வாரமும் வெயில் காலம்."

"உங்க பழைய அறிக்கையில எல்லா நிலைகளிலும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. எண்பத்தாறு அளவு அதைச் சொல்லுது. இப்ப ஒரே நாள்ல மாத்திச் சொன்னா, அடுத்த தரம் உங்களை யார் நம்புவாங்க?"

"அடுத்த தரம் நம்பவேண்டாம் சார். இந்த ஒரு தரம் நம்புங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மேல கேட்டுச் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள."

அவள் மணியைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பது. ஜன்னலுக்கு வெளியே கட்டடங்களின் நிழலெல்லாம் காலுக்கடியில் சுருங்கிக் கிடந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள்.

அது ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. மூன்று மேசை, மூன்று ஒலிபெருக்கி, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பெண். நடுவில் நின்றபடியே மூன்றையும் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் ஹெட்ஃபோன், பேச்சில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது. வளைவக்கா வந்த காரியத்தைச் சொல்லச் சொல்ல, அந்த அம்மா அலமாரியிலிருந்து பழைய அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"அப்ப நீங்க எழுதினது தப்புன்னு நீங்களே சொல்றீங்க."

"தப்பு மேடம்."

மூன்று பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மேற்பார்வையாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஒன்றாம் தட மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. புறவழிச் சாலையில் பஸ்ஸும் லாரியும் மோதிக்கொண்டன. எட்டுப் பேருக்கு அடி. மூன்று வண்டிகளை அங்கே திருப்பும் வேலை தொடங்கியது. ஒன்றாம் தடத்துப் பெண் மூச்சு விடாமல் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் போய்ச் சேர்ந்த வண்டிக்காரன் இரண்டாம் தடத்தில் பேச ஆரம்பித்தான். குரலைக் கேட்டதுமே வளைவக்காவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. தம்பி.

"...பஸ் இடது பக்கமா சாஞ்சு கிடக்கு, டிரைவர் சீட்ல ஒருத்தர் மாட்டியிருக்காரு, கால்தான், தலைக்கு ஒண்ணுமில்ல, பின்னாடி ரெண்டு பேர் தானா இறங்கிட்டாங்க, அந்த லாரி பாருங்க, நான் வரும்போதே..."

அவள் கண் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளுக்குப் போயிற்று. இருபது. முப்பது. ஒன்றும் பேசிக்கொண்டே இருந்தது, இரண்டும் பேசிக்கொண்டே இருந்தது. நாற்பத்தைந்தில் மூன்றாம் தடத்தின் ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு எழுந்தது. எழுந்து, அப்படியே தடித்தது.

"மேடம், இதுதான்."

"வெறும் இரைச்சல். மூணுல யாரும் கூப்பிடலை."

"கூப்பிட்டாலும் இப்படித்தான் கேக்கும் மேடம்."

மேற்பார்வையாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வெளியே தூரத்துல வண்டி இருக்கா?" என்று கேட்டாள் வளைவக்கா.

"ஒண்ணு இருக்கு. வடக்கு எல்லையில. கால் மணி நேரமா அதுலேர்ந்து பேச்சில்ல."

"ரெண்டாம் தடத்தை ஆஃப் பண்ணுங்க. அரை நிமிஷம் போதும். ரெண்டுல ஒண்ணு நின்னாலே இரைச்சல் போயிடும்."

"எட்டுப் பேர் ரோட்டுல கிடக்காங்க. அவன் சொல்றதுல ஒரு வார்த்தை விட்டாலும் எனக்கு ஆள் போயிடும். உங்க பழைய கணக்கை நம்பினேன். இப்ப புதுக் கணக்கை நம்பச் சொல்றீங்க."

விநாடி முள் இன்னொரு சுற்றுப் போய் வந்தது. சூத்திரத்தைப் பற்றிச் சொல்ல வளைவக்காவிடம் இன்னும் நாற்பது பக்கம் இருந்தது. எதுவும் அங்கே உதவாது.

"அது என் தம்பி மேடம்" என்றாள். "சொல்லவேண்டியதை முதல் பத்து செகண்ட்லயே சொல்லியிருப்பான். அதுக்கப்புறம் அவன் பேசறதெல்லாம் கதை. எனக்குத் தெரியும்."

மேற்பார்வையாளர் ஒரு கணம் இரண்டாம் தடத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "...போன மாசமும் இதே வளைவுலதான் ஒரு வண்டி..." என்று ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி விசையைத் தட்டினார்.

தம்பியின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. அதே நொடியில் மூன்றாவது ஒலிபெருக்கியின் கரகரப்பும் நின்றது. நின்ற இடத்தில், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"...கண்ட்ரோல், ஆறாவது தடவை கூப்பிடறேன். யாராவது இருக்கீங்களா? ஏழு வயசுப் பொண்ணு, குளவி கொட்டியிருக்கு, தொண்டை வீங்கி மூச்சு அடைக்குது. ஊசி போட்டாச்சு, நிக்கலை. எந்த ஆஸ்பத்திரி? கண்ட்ரோல், எந்த ஆஸ்பத்திரி?"

மேற்பார்வையாளர் ஒன்றாம் தடத்துப் பெண்ணிடமிருந்து மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார். "வடக்கு ஆஸ்பத்திரி. பின்வாசல். டாக்டரை வாசல்லயே நிக்கச் சொல்றேன். எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

"வா."

அந்த நாலு நிமிஷமும் ஒன்றாம் தடம் மட்டும்தான் பேசியது. அறையில் யாரும் உட்காரவில்லை. இரண்டாம் தடத்து விளக்கு பொறுமையில்லாமல் மினுங்கியது. தம்பிதான், வேறு யார்? ஐந்தாவது நிமிஷம் மூன்றாம் தடத்தில் குரல் வந்தது. "உள்ள கொண்டு போயிட்டாங்க." இன்னும் இருபது நிமிஷம் கழித்துத் தொலைபேசி வந்தது. குழாய் போட்டுவிட்டார்களாம், மூச்சு வருகிறதாம். வளைவக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேற்பார்வையாளர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி இரண்டாம் தட மேசைக்கு மேலே ஒட்டினார்: ஒன்று பேசும்போது இரண்டு பேசக்கூடாது. பிறகு கம்பெனி மேலாளருக்குத் தானே போன் செய்தார். என்ன பேசினார் என்று தெரியாது. மொத்தமே ஐந்தாறு சொல்தான். திங்கட்கிழமை மாற்றம் நின்றது. பழைய நிலையத்தைக் கழற்ற வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஃப்யூஸ் மொட்டை மாடிக்கு ஏறி, பெட்டியின் திறனை நாலில் ஒன்றாகக் குறைத்தான். திறன் நாலில் ஒன்றானால் பேய் ஏறக்குறைய அறுபத்து நாலில் ஒன்றாகும், பெட்டியும் சூடேறாது. தூரத்துப் பகுதிகளுக்குச் சத்தம் எட்டாது. அதைப் பழைய நிலையம் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு.

தம்பி அன்று அவளுக்குப் போன் செய்தான். "அக்கா, நான் பேசிக்கிட்டிருக்கும்போதே எவனோ கட் பண்ணிட்டான் தெரியுமா?"

"எவனோ இல்ல. நான்தான்" என்றாள். அவளுக்குத் தெரிந்து அவன் பதில் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் அவள் இன்னொரு காரியம் செய்தாள். கம்பெனி வக்கீல் கூடாது என்று சொல்லியிருந்தார். விலாசம் விசாரித்து, வலது கை வராமல் போன அந்த மனிதரின் வீட்டுக்குப் போனாள். கணவர் தெருமுனையில் நின்றுகொண்டார். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், கை மடிமேல் கிடந்தது.

"நீங்க யாரு?"

"ஆம்புலன்ஸ் ரேடியோ நல்லா வேலை செய்யும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவ நான். அது சரியில்ல. உங்களைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு அந்த டிரைவர் கூப்பிட்டது யாருக்கும் கேக்கல. காரணம் என் கணக்கு."

அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடிமேல் சரியாக வைத்துக்கொண்டார். பேச்சு கொஞ்சம் குழறியது. "இதைச் சொல்லவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"சரி. சொல்லிட்டீங்க."

மனைவி கதவருகில் போய் நின்றார். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். தெருமுனையில் நின்ற கணவர் அவள் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

கம்பெனி விசாரணை மூன்று வாரம் கழித்து நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். தலைமை வகித்தவர் கோப்பைத் திறந்து அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இதை ஏன் நீக்கினீங்க?"

ஏ.சி. நின்றிருந்ததாலென்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. மேலாளர்கூட அதைத்தான் எதிர்பார்த்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அசிங்கமா இருந்தது சார்" என்றாள். "மத்த எண்பத்தாறும் அழகா உக்காந்திருந்தது. பத்து மாச வேலை. இது ஒண்ணு கெடுத்தது. ஏ.சி. நின்னதுன்னு ஒரு காரணம் கிடைச்சதும் சந்தோஷமா அடிச்சிட்டேன். அளந்தவர் சரின்னுதான் சொன்னார். நான் கேக்கலை."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஃப்யூஸ் தலை குனிந்துகொண்டான்.

ஒரு வருஷத்துக்கு அவள் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. இனிமேல் எந்த அளவையும் நீக்குவதென்றால் அளந்தவனும் ஒப்புக்கொள்ள வேண்டும், எல்லாச் சோதனையும் வெப்ப அறைக்குள்ளும் நடக்கவேண்டும் என்றும் எழுதினார்கள். வேலை போகவில்லை. போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று முதல் சில மாதங்கள் அவளுக்குத் தோன்றியது. அவளுடைய கணக்குகளின் கீழே, அவளைவிடப் பதினைந்து வயது சின்னவனான ஒரு பொறியாளன் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்தக் கேள்விகளுக்காகவே அவள் இன்னும் இரண்டு நாள் கூடுதலாக உட்கார ஆரம்பித்தாள்.

புதுச் சூத்திரத்துக்குப் பத்து மாதமாயிற்று. இந்தத் தரம் அவள் பள்ளத்தைத் தேடிப் போகவில்லை. குளிரோ வெயிலோ, இரண்டு விநாடிப் பேச்சோ இரண்டு மணிநேரப் பேச்சோ, எல்லாவற்றிலும் சுமாராக இருக்கும் ஓர் இடத்தைத் தேடினாள். படத்தில் பார்த்தால் ஒன்றும் கவர்ச்சியாக இருக்காது. புறநகருக்கு இரண்டாவது கோபுரம் ஒன்றும் எழுந்தது. திறன் குறைந்த இரண்டு பெட்டிகள் ஊரைப் பங்கிட்டுக்கொண்டன.

அடுத்த வெயில் காலத்தில் நாற்பது வண்டிகளையும் மாற்றிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மேற்பார்வையாளர் அவளை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வெளியே முப்பத்தொன்பது டிகிரி. ஒன்றாம் தடத்துப் பெண்ணையும் இரண்டாம் தடத்துப் பெண்ணையும் ஒரே நேரத்தில் மைக்கைப் பிடித்து வாரத்து ஷிஃப்ட் பட்டியலை வாசிக்கச் சொன்னார். நாலு நிமிஷம், நிறுத்தாமல். வடக்கு எல்லையில் நின்ற வண்டிக்காரனிடம் மூன்றாம் தடத்தில் சாதாரணக் குரலில் பேசு என்று சொல்லி வைத்திருந்தார்.

நாற்பது விநாடி தாண்டியது. வளைவக்காவின் கண் விநாடி முள்ளை விட்டு நகரவில்லை. இரண்டு நிமிஷம். மூன்று.

"கண்ட்ரோல், இங்க வெயில் கொளுத்துது. நான் நிழலுக்குப் போலாமா?" என்றது மூன்றாவது ஒலிபெருக்கி. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது.

"போ" என்றார் மேற்பார்வையாளர், ஒன்றாம் தடத்து மைக்கை வாங்கி. மைக்கை வைத்துவிட்டு வளைவக்காவின் பக்கம் திரும்பினார். "டீ குடிக்கிறீங்களா?"

இருவரும் நடைபாதையில் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்.